நெற்றிக்கு வைக்க வேண்டிய எண்ணெய்

புதிதாக கிளீன் ரூமுக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று நம் முதலாளி சார் கேட்டார். "சுத்தத்தைப் பத்தியா சார்?" என்றேன். "அது செவுரு பூரா ஒட்டியிருக்கு மேடம். நீங்க அந்த எண்ணெய்க் கதைய எழுதுங்க" என்றார்.

இருபத்தெட்டு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். உருப்படியான வேலைகளும் சில செய்திருக்கிறேன். அவை ஒருவருக்கும் நினைவில்லை. எண்ணெய்க் கதை மட்டும் கேன்டீனில் வாரம் ஒருமுறையாவது ஓடுகிறது. போன மாதம் நான் கேட்டபோது அதில் ஒரு பாதிரியாரும் வந்து சேர்ந்திருந்தார். அடுத்து ஒரு தீயணைப்பு வண்டியும் வந்து சேர்வதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது.

முதலில் கொஞ்சம் முன்கதை. நம் கம்பெனி ஓசூரில் ஸ்கூட்டர் பாகங்கள் கடைந்து பிழைத்த கம்பெனி. ராக்கெட்டைத் தனியாரும் செய்யலாம் என்று ஆனபின், எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் முளைத்த ஒரு ராக்கெட் கம்பெனி பாகம் செய்ய ஆள் தேடி அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வந்தது. சார் வரைபடத்தைப் பார்த்தார். "ஓட்டை போடணும், உள்ள வழவழன்னு இருக்கணும். அவ்ளோதானே" என்றார். அந்த "அவ்ளோதானே" புதிய ஷெட்டாகவும், ஷெட்டுக்குள் தூசும் பிசுக்கும் நுழையாத, கண்ணாடி வைத்த கிளீன் ரூமாகவும், அந்த ரூமுக்குப் பொறுப்பாளியாக நானாகவும் முடிந்தது.

வந்தவர்கள் முதல் நாளே என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பாகத்தைக் காட்டி எப்படி இருக்கிறது என்றார்கள். "பரவால்ல" என்றேன். அவர்களில் ஒருவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "பரவால்லன்னா பாஸா, ஃபெயிலா மேடம்?" என்றார். ஸ்கூட்டரில் அந்தச் சொல்லை வைத்து எத்தனையோ லாரிகளை அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்களும் அந்தச் சொல்லை கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

அந்த ராக்கெட் கம்பெனியில்தான் என் மகள் ரோஸி வேலை பார்க்கிறாள். பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் படித்தவள். எங்களுக்கு ஆர்டர் வந்ததற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. இன்னார் இன்னாருக்கு அம்மா என்று இரண்டு பக்கமும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தோம். அவள் வேலை, இன்ஜினை நிலத்தில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் இடத்தில். அதில் திரவ ஆக்சிஜன் வரும் குழாய்க்கு அவள் பொறுப்பு. நாங்கள் செய்துகொடுப்பது அந்தக் குழாயில் உட்காரும் வால்வின் உடல். உலகத்தில் எத்தனையோ அம்மாக்களும் மகள்களும் இருக்கிறார்கள். எங்களை இணைத்தது உள்ளங்கை அளவு உலோகம்.

திரவ ஆக்சிஜனைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். நான் எல்லோருக்கும் சொல்லும் விதத்தில் சொல்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கோடு அழுத்தத்தில் அது சேர்ந்தால், பற்றவைக்க ஆள் வேண்டாம். பிசுக்கு எரியும், பிறகு உலோகமே எரியும். இதை நான் அவ்வளவு நன்றாகச் சொல்வேன், கேட்டவர்கள் மதியம் வடை சாப்பிடத் தயங்குவார்கள்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. கிளீன் ரூமில் பாகங்களைக் கழுவிப் பைக்குள் அடைப்பவர் முனிராஜ். மத்திகிரியில் குடியிருப்பவர். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், சண்டைக்குத் தமிழ். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு வரை வந்துவிட்டார். நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள ஒண்ணும் போகக் கூடாது முனிராஜ்."

"ஒரே ஒரு பொட்டு மேடம். நெத்தில வெச்சா நமக்கே தெரியாது, அத்தினி சின்னது."

"வால்வுக்கு ஏதுங்க நெத்தி?"

"பதினோரு வருசமா லேத்துக்குப் பொட்டு வெச்சுத்தான் ஓட்றங்க. ஒரு நாள் மக்கர் பண்ணிருக்கா?"

"லேத்துல ஆக்சிஜன் ஓடல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம், எனக்குக் கேட்கிற மாதிரி, "மேடம் வேதக்காரங்க. அவுங்களுக்கு நம்ம பொட்டோட அருமை எப்டித் தெரியும்?" என்றார். கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. வால்வின் போட்டோ ஒன்றைக் கதவுக்கு வெளியே ஒட்டி அதற்குப் பொட்டு வைத்தார்கள். "ராக்கெட்டும் போட்டோவுலயே போவட்டும்" என்று சொல்லிவிட்டு முனிராஜ் பூசணிக்காயைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் உடைத்தார். நான் அன்று மாலை வீட்டில் என் கணவரிடம், "மூடநம்பிக்கையோட போராடுறதுக்கே பாதி நாள் போகுது" என்றேன். இந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள்.

சில வாரங்கள் கழித்து எங்கள் மாதா கோயில் திருவிழா. மந்திரித்த எண்ணெய் சின்ன பாட்டிலில் தருவார்கள். எங்கள் வீட்டில் யார் பரீட்சைக்குப் போனாலும், பிரசவத்துக்குப் போனாலும், அந்த எண்ணெயைத் தொட்டுக் கட்டைவிரலால் நெற்றியில் ஒரு சிலுவை. ரோஸி முதன்முறையாக ஆக்சிஜன் குழாய்க்குத் தானே பொறுப்பேற்று ஒரு பெரிய சோதனையின் ஏற்பாடுகளுக்காகச் சில வாரம் அங்கே தங்கக் கிளம்பினாள். வாசலில் நிறுத்தி நெற்றியில் சிலுவை வைத்தேன். கம்பெனி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "அம்மா! எண்ணெயா? இதோட என்ன உள்ளயே விட மாட்டாங்கம்மா" என்று குழாயடிக்கு ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். என் கண் முன்னால் கழுவினாள். வண்டி ஏறிப் போய்விட்டாள்.

நெற்றி கிடைக்காத கைக்கு மறுநாள் பெட்டி கிடைத்தது. வால்வை இரண்டு பைக்குள் போட்டு ஒட்டி, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடியிருந்தார்கள். வெளிப்பெட்டிதானே, உள்ளே இரண்டு பை இருக்கிறதே என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். அலுவலக அறையில் யாரும் இல்லை. கைப்பையில் இருந்த பாட்டிலை எடுத்து, மூடியின் மூலையில் கட்டைவிரலால் ஒரு சிலுவை. அடுத்தடுத்த நாட்களில் மற்ற பெட்டிகளுக்கும் வைத்தேன். ஒரு பெட்டிக்கு வைத்து இன்னொன்றை விட்டால், விட்டதுதான் இன்ஜினில் ஏறும் என்று தோன்றியது. மொத்தம் நான்கு. மூன்று போய்விட்டன. நான்காவது, லேபிளில் ஒரு எண் தவறு என்று நம் கேட்டிலிருந்தே திரும்பி வந்தது.

அந்தப் பெட்டியைத் திறந்து, பைகளைப் பிரித்து, எண்ணைச் சரிபார்த்து, மறுபடியும் அடைக்கும் முன் கருவிளக்கில் பார்க்க வேண்டும். விளக்குகளை அணைத்துவிட்டு அந்த ஊதா விளக்கைக் காட்டினால் சில வகைப் பிசுக்குகள் மின்னும். எல்லா எண்ணெயும் மின்னாது, அதனால்தான் வேறு சோதனைகளும் உண்டு. இது மின்னியது. விளக்கைப் பிடித்திருந்த மஞ்சுளா ஆனேக்கல் பக்கத்துப் பெண், பதற்றத்தில் கன்னடம்தான் வரும்.

"மேடம், பன்னி பன்னி!"

அது "வாங்க வாங்க" என்று அர்த்தம். புதிதாக வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். போய்ப் பார்த்தேன். வால்வின் விளிம்பில் மூன்று விரல் தடம், வெள்ளையும் நீலமுமாக.

விசாரணை ஆரம்பித்தது. நடத்தியது நான். என் வாழ்க்கையில் அவ்வளவு கண்டிப்பான விசாரணையை நடத்தியதில்லை. வெள்ளைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் தலையிலும் தேய்த்துப் பார்த்தேன். கிளீன் ரூம் ஆட்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. முனிராஜ் தலையைக் குனிந்து காட்டினார்.

"நல்லாத் தேச்சுப் பாருங்க மேடம். எண்ணெய் வெக்காம தென்னந்தொடப்பமாட்டம் ஆயிருச்சு. எங்க வூட்டுக்காரி, பாத்திரம் வெளக்கத் தலையக் குடுய்யான்றா."

காகிதம் சுத்தமாக இருந்தது. டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தேன், புளிச்சோறு. கை கழுவியதற்குச் சாட்சி கேட்டேன். அதற்குள் சார் வந்துவிட்டார். அவர் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், "பூஜை பண்ண விடலன்னு மனசுல வெச்சுக்கிட்டு இவன்தான் ஏதோ பண்ணிருக்கான் மேடம். கணக்குத் தீத்து அனுப்பிரலாம்" என்றார். நான் மறுக்கவில்லை. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். அந்த நிமிடம் எனக்கும் அப்படித்தான் பட்டது.

முனிராஜிடம் திரும்பி, "பெட்டி திரும்பி வந்ததுலேர்ந்து என்னென்ன தொட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றேன்.

"கை கழுவுனன். புது கிளவுஸ் போட்டன். பெட்டியப் புடிச்சன். மூடியத் தொறந்தன்…"

"எங்க புடிச்சுத் தொறந்தீங்க?"

"மூலைலதாங்க."

விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, ஊதா விளக்கை வாங்கி மூடியின் மேல் காட்டினேன்.

இருட்டில், அழகாக, ஒரு சிலுவை மின்னியது. ஒரு பக்கம் மட்டும் விரல் பட்டுக் கலைந்திருந்தது.

மஞ்சுளா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முனிராஜ் காலணியைக் கழற்றப் போய், கிளீன் ரூமில் கழற்றக் கூடாது என்பது ஞாபகம் வந்து, ஒற்றைக் காலில் நின்றார்.

"மேடம்… உங்க சாமி வந்துருச்சுங்க."

"சாமி வரல முனிராஜ்" என்றேன். "நான்தான் வெச்சேன்."

விளக்கைப் போட்டார்கள். எல்லார் முகமும் என்னைப் பார்த்தது. சார்தான் முதலில் மீண்டார். என் மேல் அவருக்கு மரியாதை உண்டு, அதனால் உடனே எனக்கு வழி தேடினார்.

"பரவால்ல மேடம். மறுபடியும் கழுவிட்டா ஆச்சு. அவன் மூடியத் தொட்டதும் கிளவுஸ் மாத்திருக்கணும்ல? அதுவும் தப்புதானே? யாருக்கும் தெரிய வேணாம். வண்டி நிக்குது."

இந்த வால்வை மறுபடியும் கழுவலாம். அதில் பொய்யில்லை. ஆனால் அதற்குள் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "சார், மூணு பெட்டி போயிருக்கு."

"அதுக்கு?"

"எல்லாத்துக்கும் வெச்சேன்."

சார் பக்கத்தில் நாற்காலி இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்தார். இல்லை. முனிராஜ் பிடித்துக்கொண்டார்.

அந்த மூன்றில் ஒன்று இன்ஜினில் ஏறிவிட்டது என்று ரோஸி முந்தின நாள் போனில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். சோதனை மறுநாள் காலை. அங்கே பெட்டியைத் திறந்தவர் கையுறையை மாற்றினாரோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? மாற்றியிருந்தால் ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்தால் சோதனை நிற்கும், இன்ஜினைப் பிரிப்பார்கள், நம் கம்பெனி பெயர் பட்டியலிலிருந்து போகலாம், புதிய ஷெட்டில் வேலை பார்க்கிற இத்தனை பேரும் ஸ்கூட்டருக்கே திரும்பலாம். என் மகள் முதன்முதலாகப் பொறுப்பேற்ற சோதனையை, அவளுடைய அம்மா, எண்ணெய் வைத்து நிறுத்தினாள் என்று அவள் வேலையில் இருக்கும் வரை சொல்வார்கள். திறக்காவிட்டால் நான் செய்யக்கூடியது ஒன்றுதான், காலை வரை ஜெபம். பையில் ஜெபமாலை இருந்தது. அதே பையில்தான் எண்ணெய் பாட்டிலும் இருந்தது.

சார், "பொண்ணுக்குப் போன் பண்ணுங்க" என்றார். நான் எடுத்ததும், "வேணாம், இருங்க" என்றார். காதில் வைத்ததும், "பண்ணுங்க, பண்ணுங்க" என்று முகத்தை மூடிக்கொண்டார்.

"ரோஸி, நாளைக்கு டெஸ்ட் வேணாம்டி."

"ஏம்மா, கனவு கண்டியா?"

"எண்ணெய்டி. பெட்டி மூடில வெச்சேன். எல்லாப் பெட்டியிலயும். இங்க ஒண்ணுல உள்ள வரைக்கும் போயிருக்கு."

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். குரல் மாறி வந்தது. வீட்டில் நான் கேட்டிராத குரல்.

"இத நீ எங்கிட்ட சொன்னா அது அம்மா பேச்சு. இத வெச்சு என்னால டெஸ்ட்ட நிறுத்த முடியாது. கம்பெனி நம்பருக்குப் போன் பண்ணி, குவாலிட்டி இன்சார்ஜ்னு சொல்லிச் சொல்லு. எழுத்துலயும் அனுப்பு. பத்து நிமிசத்துல அனுப்பு."

வைத்துவிட்டாள். அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அங்கிருந்து ஒரு படிவம் வந்தது. முதல் கட்டம், மாசுப் பொருளின் பெயர். "மாதா கோயில் எண்ணெய்" என்று எழுதினேன். தயாரிப்பாளர் என்று ஒரு கட்டம். அங்கே மாதாவின் பெயரை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை, "திருவிழாவில் தரப்பட்டது" என்று போட்டேன். அளவு என்ற கட்டத்தில் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஒரு சிலுவை" என்றேன். அந்தக் கம்பெனியில் அதை இன்னும் ஓர் அளவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்வி. கிரீஸ் எவ்வளவு வேண்டும் என்றால் அரைச் சிலுவை போதும் என்பார்களாம்.

சோதனை நின்றது. மூன்றாம் நாள் அவர்கள் ஆட்கள் விசாரணைக்கு வந்தார்கள். வந்த இருவரில் ஒருத்தி ரோஸி. அவள் தலைவர் வேண்டுமென்றேதான் அனுப்பினாராம். மேசைக்கு எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருந்தது.

"சாப்டியாடி?" என்றேன்.

"மேடம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

கூட வந்தவர் இருமுவதுபோல் சிரித்தார். முழுப் பெயரைக் கேட்டாள், சொன்னேன். எத்தனை வருட அனுபவம் என்று கேட்டாள், சொன்னேன். எண்ணெய் ஆபத்து என்று தங்களுக்குப் பயிற்சி தரப்பட்டதா என்று கேட்டாள். "நான்தாங்க எல்லாருக்கும் தந்தேன்" என்றேன். கதவுக்கு வெளியே முனிராஜ் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, பொட்டு வைத்த வால்வின் போட்டோ.

"ஏன் வெச்சீங்க?" என்றாள்.

என் கை அவள் நெற்றி உயரத்துக்குப் போய்விட்டு இறங்கியது. அவள் நோட்டில் ஏதோ ஒரே ஒரு சொல் எழுதினாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"இன்ஜின்ல ஏறியிருந்த வால்வப் பிரிச்சுப் பாத்தோம். உள் விளிம்புல இருந்துச்சு. நகக்கண் அளவு."

அதற்குப்பின் அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. சோதனை நிற்காமல் நடந்திருந்தால் அது எரிந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நம் கம்பெனியைச் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள், பிறகு திரும்பச் சேர்த்தார்கள். சேர்த்தபோது அவள் தலைவர் சாரிடம் சொன்னாராம்: "சொல்ற ஆள வெச்சுக்கலாம். எங்க பயமெல்லாம் சொல்லாதவங்களப் பத்தித்தான்." நான் கையெழுத்துப் போட்ட புதிய விதியில், வெளிப்பெட்டி உட்பட எதன்மீதும், எந்த மதத்தின் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்று இருக்கிறது. மூடியைத் தொட்டபின் கையுறை மாற்ற வேண்டும் என்பது அதற்கடுத்த வரி. அந்த விதிக்கு ஓர் எண் உண்டு, ஆனால் எல்லோரும் அதை "மேடம் சிலுவை" என்றுதான் சொல்கிறார்கள். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

முனிராஜிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"வுடுங்க மேடம். உங்க சாமிக்கும் எங்க சாமிக்கும் ஒரே கேட்டுதான்னு ஆயிருச்சு. அப்ப அடுத்த ஆயுத பூசைக்கு…"

"கிடையாது."

"சும்மா கேட்டுப் பாத்தங்க."

கழுவிய வால்வுகளோடு சோதனை மறுபடியும் நடந்த நாளில் என்னை கிளீன் ரூம் பக்கமே விடவில்லை. நானும் போகவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்குப் போன் வந்தது.

"அம்மா, எரிஞ்சுதும்மா! முழுசா எரிஞ்சுது!"

அதற்குப்பின் நான் தரையில் இருந்தேன். மஞ்சுளா வரைபடத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். முனிராஜ் என் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"பாப்பா, எது எரிஞ்சுது? யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா?… இன்ஜினா? இன்ஜின் எரியலாமா?… எரியணுமா?" என்னிடம் திரும்பினார். "மேடம், எந்திரிங்க. எரிஞ்சது நல்லதுக்குத்தானாம். கடைசி வரைக்கும் நின்னு எரிஞ்சுதாம். அதத்தான் கொழந்த சந்தோசமா சொல்லுது."

இப்போதும் அவளுக்குச் சோதனை என்றால் எங்கள் வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. என் கணவர் இட்லியைத் தின்றுவிட்டு, வடை எப்போது திரும்பும் என்று அறிய, எந்தக் கம்பெனி எப்போது ராக்கெட் விடுகிறது என்று பேப்பரில் பார்க்கிறார். ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. தவறு உங்கள் கையில் இருந்தால், அடுத்தவர் தலையில் காகிதத்தைத் தேய்க்கும் முன் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போன் செய்யும்போது, எது எரிந்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.

சோதனை முடிந்த அந்த வார இறுதியில் ரோஸி வீட்டுக்கு வந்தாள். பையை எறிந்துவிட்டு நேரே குழாயடிக்குப் போய் முகம் கழுவி, துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். தலைமுடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினாள்.

"இப்ப வை. ரெண்டு நாள் லீவு."

பாட்டிலில் அடியில் கொஞ்சம் இருந்தது. வைத்தேன். வைத்த கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவளுக்குச் சோறு போட்டேன்.